வீட்டுக்குள் கட்டிய பட்டுச்சேலை

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயும் உன் மாமியாரும் மாப்பிள்ளையும் நம் செல்லூர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் எங்கேயும் கிளம்பிக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு விசேஷமும் கிடையாது. அரக்குப் பட்டும் காசுமாலையும் தலை நிறையப் பூவுமாக நான் நின்றது உங்களுக்காகத்தான். அதை வாசலில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டதால், பெற்ற மகள் வயிற்றுப்பிள்ளையோடு வருகிறாள் என்று தெரிந்தும் ஊரார் கல்யாணத்துக்குப் போகிறவள் என்று நீ என்னை நினைத்துவிட்டாய். அன்றிலிருந்து நான் போன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி வருகிறது. வங்கியிலிருந்து வருகிற செய்தியில்கூட அதைவிட நாலு வார்த்தை கூடுதலாக இருக்கும்.

இதைத் தனியாக எழுதி உன் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நீ அதை உன் மாமியாரிடம் காட்டுவாய். அவர் படித்துவிட்டு, 'பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியாது. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டால் அவரும் அந்த நாலு பேரில் ஒருவர், அவ்வளவுதான். யார் பெயரையும் நான் போடவில்லை. செல்லூரில் நைட்டி விற்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நீ வாழ்க்கைப்பட்ட திருநகரில் மாமியார்கள் அதைவிட நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படிக்கிற மற்றவர்களுக்காக என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தறி ஓட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டு இந்தத் தெருவுக்கு வந்தேன். தறிக் கூலியில் அடுப்பு எரியவில்லை என்பதால் ஒரு கட்டைப்பையில் நைட்டிகளை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். அப்போது நைட்டி போடக் கூச்சப்பட்ட பெண்கள் அதிகம். வாசலில் நின்று ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுவேன். "வீட்டுக்குள்ள யாரு பாக்கப்போறாக்கா? காத்தாட இருங்க." அந்தப் பேச்சில் பை காலியாகிவிடும். இன்றைக்கு வீட்டு மாடியில் தையல் மிஷின்கள் ஓடுகின்றன, விளக்குத்தூண் கடைவீதியில் கடை இருக்கிறது, சமயநல்லூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் கடைக்காரர்கள் வந்து பண்டல் பண்டலாக எடுத்துப்போகிறார்கள். எல்லாம் அந்த ஒரு பேச்சில் வந்தது. ஊருக்கு விற்ற பேச்சை நானும் நம்பிவிட்டேன். கடைக்குப் போனால் சேலை, வீட்டுப் படி ஏறியதும் நைட்டி, தோளில் ஒரு துண்டு. அந்த நைட்டியும் நல்ல பீஸாக இருக்காது. தையல் கோணியது, பூ அச்சு நழுவியது, கடையில் வைக்க முடியாதது எதுவோ அதுதான் எனக்கு. உன் கல்யாணம் வரைக்கும் உனக்கும் அதுதான். நீ வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்க்க ஆரம்பித்தபோது, நைட்டிக்கு மேலேயே ஒரு இஸ்திரி போட்ட குர்தியை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் உட்காருவாய். "இடுப்புக்குக் கீழ செல்லூரு, மேல சென்னை" என்று உன் அப்பா கேலி செய்வார். நீயும் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நம்பி நான் நிம்மதியாக இருந்தேன்.

உன் மாமியாரை அவர் வீட்டில் இருக்கிற கோலத்தில் முதன்முதலாகப் பார்த்தது உன் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில். சொல்லாமல்தான் போனேன். சொல்லாமல் போனால்தான் ஒரு வீட்டின் சங்கதி தெரியும். சரக்குப் பார்க்கப் போகும்போதும் நான் அப்படித்தான். கதவைத் திறந்தவர் கஞ்சி போட்ட வெளிர்மஞ்சள் 'வாயில்' பருத்திச் சேலை கட்டியிருந்தார். மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. காதில் சின்னச் சிவப்புக்கல் தோடு, கரைக்குத் தோதாக ஒரு பொட்டு, நாலு விரல் நீளத்துக்கு மல்லிகை. முகம் அப்போதுதான் கழுவியது.

"எங்கயோ கிளம்பிட்டீங்க போல. குறுக்க வந்துட்டேனே மதினி" என்றேன்.

"எங்கயும் போகல மதினி. மணி நாலாச்சுல்ல, அதான்."

"யாரும் வாராங்களா?"

"யாரும் வாரேன்னு சொல்லல. நீங்கதான் வந்திருக்கீங்க" என்று சிரித்தார்.

என் கண் துணிக்காரி கண். அந்தச் சேலை அறுநூற்றைம்பதுக்கு மேல் ஒரு பைசா பெறாது. என் கடைப் பொம்மைக்கு அதைவிட விலை கூடின துணி கட்டியிருக்கிறேன். ஆனால் அந்த அறுநூற்றைம்பது ரூபாய்ச் சேலை அவர் மேல் நின்ற நிற்பு இருக்கிறதே, அது எனக்குள் போய்க் குத்தியது. ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் அவரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். வேலைக்குப் போகாத மனுஷி. வீட்டுக்காரருக்குப் பென்ஷன் வருகிறது. பாத்திரம் தேய்க்க ஆள் வருகிறது. இருபது தையல்காரிகளோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை, வராத பாக்கிக்கு நடக்க வேண்டியதில்லை. நாலு மணிக்கு உடுத்த அவருக்கு நேரம் இருக்கும், எனக்கு ஏது. இப்படி எல்லாம் சொல்லிக் குறைத்தும் அவர் குறையவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். தோளில் துண்டோடு ஒருத்தி நின்றாள்.

பிறகு நீ மாற ஆரம்பித்தாய். போனில் ஒரு படம் அனுப்பினாய். நீங்கள் இரண்டு பேரும் ஹாலில், நீ கரும்பச்சைச் சுடிதார், அவர் அதே பச்சைக்கு இளையது. 'சும்மா வீட்லதான்மா' என்று கீழே எழுதியிருந்தாய். நான் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் காதில் கிடந்த ஜிமிக்கி நான் செய்துபோட்டது இல்லை. அவருடையது. நான் போட்டனுப்பிய நகை பீரோவில் இருக்க, மாமியாரின் பழைய ஜிமிக்கி உன் காதில் ஆடுகிறது. 'அழகா இருக்கு' என்று பதில் போட்டேன். அன்றைக்குக் கடையில் மூன்று பேரை வைதேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வருவாய். வந்து நிற்கிற பெண்கள் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாமல் நிற்கும்போது, நீ அதில் ஒன்றை உருவிச் சட்டைக்கு மேலேயே தொளதொளவென்று போட்டுக்கொண்டு, கையால் பின்னால் இழுத்துப் பிடித்து, வாசல் வரை ஒரு நடை நடந்துவிட்டு வருவாய். "அக்கா, இது உங்க கலருக்கு வேணாம், அந்த நீலம் எடுங்க" என்பாய். எடுத்துவிடுவார்கள். எந்தத் துணி யார் மேல் நிற்கும் என்று பார்க்கிற அந்தக் கண்ணை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது என் கடையில், என் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தது. அந்த நடையைத் திருநகர் வீட்டு ஹாலில் இன்னொருத்தி உட்கார்ந்து தினமும் பார்க்கிறாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மரியாதை தவறி 'பார்க்கிறாள்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

இந்த நிலையில்தான் நீ போன் செய்தாய்.

"அம்மா, வளைகாப்பு முடிஞ்சு நான் இங்கயே இருந்துக்கிறேனே."

"தலைப்பிரசவம் பெத்தவ வீட்லதான். அதுல என்ன பேச்சு?"

"கோவப்படாமக் கேளும்மா. இங்க நான் காலைல எந்திரிச்சுக் குளிச்சு ஒரு மனுசியா உடுத்துறேன். அங்க வந்தா திரும்ப நைட்டிக்குள்ள போயிருவேன். பிள்ளையையும் பெத்துட்டு அதுக்குள்ள போனேன்னா வெளிய வர மாட்டேன்மா. எனக்குத் தெரியும்."

"அந்த நைட்டிதாண்டி உன்னப் படிக்க வச்சது."

"தெரியும்மா. அதனாலதான் இம்புட்டு நாளு சொல்லல."

"இதெல்லாம் உன் மாமியா சொல்லிக் குடுத்ததா?"

நீ அந்தப் பேச்சை அப்படியே விட்டாய். பிறகு, "ஞாயித்துக்கிழமை காலைல அத்தையும் நானும் வாரோம். உக்காந்து பேசிக்கிருவோம்" என்று வைத்துவிட்டாய்.

நான் வியாபாரி. எதிராளி பலம் எதில் இருக்கிறதோ அதில்தான் மோதுவேன். சரி, வீட்டில் உடுத்துவதுதானே பெரிய வித்தை, நானும் உடுத்துகிறேன் என்று முடிவு செய்தேன். எனக்குப் பழக்கம் இல்லாத சரக்கு என்பதால் அளவு தெரியவில்லை. வீட்டில் கட்டுகிற நல்ல சேலை என்று பீரோவில் ஒன்றுமே இல்லை. கடைக்குக் கட்டுகிறது இருக்கிறது, கல்யாணத்துக்குக் கட்டுகிறது இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் உன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டை எடுத்தேன். பட்டு கட்டினால் கழுத்து வெறுமையாகத் தெரிந்தது, காசுமாலை போட்டேன். அதற்குப் பூ போதவில்லை. உன் அப்பா கைலியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தா, எந்த மண்டபம்?"

"மண்டபம் இல்ல. வீட்லதான்."

"வீட்ல யாருக்கு விசேசம்?"

"சம்பந்தி வாராகல்ல. எனக்கும் உடுத்தத் தெரியும்னு பாக்கட்டும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் மட்டும் இந்தக் கைலியோட நின்னா கார் துடைக்க வந்தவன் மாதிரில்ல இருக்கும்" என்று உள்ளே போனார். நல்ல எண்ணத்தில்தான் போனார். வெளியே வரும்போது பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் விபூதி.

அப்படித்தான் நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். உன் மாமியார் ஊதாச் சுங்குடி கட்டி வந்திருந்தார். படியில் ஒரு காலை வைத்தவர் என்னைப் பார்த்ததும் அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்தார். "அடடா, கிளம்பிட்டீங்களா மதினி. நாங்க நேரங்கெட்ட நேரத்துல வந்து நிக்கிறோமே" என்றார். நல்ல காரியத்துக்குக் கிளம்பி நிற்கிறவரை எங்கே என்று கேட்பது நம் பக்கம் வழக்கம் இல்லை. அவர் முறை தெரிந்தவர், கேட்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தால் போகிற காரியம் தடைப்படும் என்று உள்ளேயும் வரவில்லை. எங்கே போகிறீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மை என் வாயிலிருந்து தவறியாவது விழுந்திருக்கும். முறை தெரிந்த சம்பந்தி வாய்த்தது அன்றைக்கு எனக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது.

நீதான் கேட்டாய். "ஞாயித்துக்கிழமை வாரோம்னு சொல்லிருந்தேன்லம்மா?" உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த இடத்தில், உன் மாமியாரைப் பார்த்து வயிறு எரிந்து உடுத்திக்கொண்டு நிற்கிறேன் என்று அவர் எதிரிலேயே நான் எப்படிச் சொல்வேன்?

"திடீர்னு ஒரு விசேசம் பாப்பா. போகாம இருக்க முடியாது" என்றேன். பின்னால் பட்டு வேட்டியோடு வந்து நின்ற உன் அப்பா, ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பொய்க்குச் சாட்சி ஆனார்.

அதோடு முடிந்திருக்கும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. "கார் இருக்குல்ல அத்தை, நான் எறக்கி விட்டுர்றேன்" என்றார்.

"வேணாம் மாப்ள, நாங்க பஸ்லயே போயிருவோம்" என்றார் உன் அப்பா.

"பட்டு வேட்டியோட பஸ்லயா மாமா? ஏறுங்க. எந்த ஊரு?"

முந்தின நாள் சமயநல்லூர்க் கடைக்காரர் ஒருவர் சரக்கு எடுத்துப் போயிருந்தார். அந்த ஊர்தான் நாக்கில் இருந்தது, அதையே சொல்லிவிட்டேன். நீ முன்னால் உட்கார்ந்தாய், வழி முழுக்கத் திரும்பவில்லை. பின் சீட்டில் என் பக்கத்தில் உன் மாமியார். பாத்திமா கல்லூரி தாண்டியதும், "மதினி, ஒரு நிமிசம்" என்று தன் தோளிலிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றி, சரிந்து கிடந்த என் முந்தானையை மூன்று மடிப்பாக எடுத்துக் குத்திவிட்டார். "இப்ப பாருங்க, நல்லா நிக்குது" என்றார். நின்றது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

சமயநல்லூரில் வாழைமரம் கட்டிய முதல் மண்டபத்தைக் காட்டி, "இதுதான் மண்டபம் மாப்ள" என்றேன். நாங்கள் உள்ளே போகிறவரைக்கும் நீங்கள் காரை எடுக்கவில்லை. சந்தனத்தைத் தொட்டுக் கல்கண்டை எடுத்து உள்ளே போய்விட்டோம். உன் அப்பா காதோடு, "வந்தது வந்தோம், சாப்பிட்டுப் போவோம்" என்றார். மொய் எழுதாமல் இலையில் உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை, எழுதச் சொன்னேன். மொய் எழுதுகிறவர் "மாப்ள வீடா, பொண்ணு வீடா அண்ணே?" என்று கேட்டார். உன் அப்பா கொஞ்சம் யோசித்து, "ரெண்டும்தான்" என்றார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா என் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

"சேல நல்லாருக்கு. நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்."

"எம்புட்டுத் தூரம்?"

"செல்லூரு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே நான் அந்தக் கூடத்தைப் பார்த்தேன். அத்தனை பேரும் பட்டு, அத்தனை பேரும் நகை. வருஷத்தில் இப்படிச் சில நாள். மற்ற நாளெல்லாம் இவர்கள் என்னைப்போல, என் கடைத் துணிக்குள். எனக்கு வியாபாரக் கணக்குத்தான் முதலில் ஓடும். உடம்பில் அதிக நாள் இருக்கிற துணிக்கு நான் கழிவுச் சரக்கை ஒதுக்கியிருக்கிறேன், பீரோவில் அதிக நாள் கிடக்கிற துணிக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டியிருக்கிறேன். ஒரு கடைக்காரன் இப்படி முதல் போட்டான் என்றால் அவனுக்கு நான் ஒரு பண்டல்கூடக் கடன் தர மாட்டேன்.

அதனால் உனக்குச் சொல்கிறேன், உடுத்துகிற விஷயத்தில் உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை உள்ளது துணியைப் பற்றி மட்டும்தான். சாயம் போனது, கழுத்து தளர்ந்தது என்று ஒன்றையும் 'வீட்டுக்குத்தானே' என்று மடித்து வைக்காதே. தரை துடைக்கப் போடு. பிள்ளை பெற்ற பிறகு நைட்டி இல்லாமல் உனக்கு ஆகாது, அதை நீ எவ்வளவு பேசினாலும் உடம்பு கேட்காது. ஜிப் வைத்தது வேண்டாம், பால் குடிக்கும்போது பிள்ளை கன்னத்தில் கீறும்; பட்டன் வைத்ததாக இருக்கட்டும். வழவழப்பான துணி வியர்வை வாங்காது, பருத்தியாகவே போடு. பால் கறை தெரியாத அழுத்தமான நிறத்தில், உன் தோள் அளவுக்கு நானே நின்று வெட்டித் தருகிறேன். நல்ல பீஸ். பிறகு இன்னொன்று. வீட்டுக்குள் உனக்குப் பிடித்ததை உடுத்து, மாப்பிள்ளைக்குப் பிடித்ததைக்கூட உடுத்து. இன்னொருத்தியைப் பார்த்து, அவளை மிஞ்ச உடுத்தாதே. என்னை அது சமயநல்லூர் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

புதன்கிழமை நான் திருநகருக்கு வந்தேன். அது உனக்குத் தெரியாது. நீ மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாய், உன் இங்கிலீஷ் கீழே வரைக்கும் கேட்டது. கடையிலிருந்து கட்டின சேலையோடு நேரே வந்தேன், முதுகெல்லாம் பஞ்சுத் தூசி. மணி நாலரை இருக்கும். உன் மாமியார் எப்போதும்போல உடுத்தி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மதினி. விசேஷம் நல்லபடியா முடிஞ்சதா?"

"முடிஞ்சது. சாம்பார்ல உப்புக் கம்மி."

"யாரு வீட்டு விசேஷம்?"

"தெரியல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டு, பூ, கைலி, பட்டு வேட்டி, மொய், ரெண்டும்தான் என்று உன் அப்பா சொன்னது வரைக்கும். அவர் எழுந்து காபி போட உள்ளே போனார். அடுப்படியிலிருந்து சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே, அது அங்கேயேதான் இருந்தது.

காபியை வைத்துக்கொண்டு அவர்தான் பேசினார். "நீங்க கடையில உக்காந்தா எம்புட்டுப் பேரு உங்கள வந்து பாக்குறாங்க மதினி. நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இதே நாலு மணிக்குத்தான் உடுத்துறேன். அவரு பேப்பர்லேருந்து தலையத் தூக்கினதில்ல. மகன் வந்தான்னா 'பசிக்குதும்மா'ம்பான். உங்க மக வந்து ஒரு வாரங்கூட இருக்காது. 'அத்தை, இந்தச் சேலைக்கு அந்தச் செவப்பு வேணாம், பச்சைத் தோடு இருந்தா போடுங்க'ன்னா. அந்தத் தோடு எங்க கெடக்குன்னே எனக்கு மறந்துபோச்சு. பீரோவப் பூராக் கொட்டித் தேடினேன்."

"அந்தக் கண்ணு என் கடைல வளந்தது மதினி."

"அதான் தெரியுதே. அதனாலதான் அனுப்ப மனசு வரல. நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா நாலு மணிக்கு நான் யாருக்குக் காட்டுறது?"

இப்படி ஒரு மனுஷி மனதைத் திறந்து வைத்தால் நல்லவர்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். நான் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேரத்தை ஆரம்பித்தேன். அவர் பிரசவம் முடிந்து பதினாறாம் நாள் உன்னைக் கூட்டிக்கொள்வதாகச் சொன்னார். நான் ஐந்து மாதம் என்றேன். அவர் நீ சொன்ன நைட்டிப் பேச்சை எடுத்தார், நீயாகத்தான் வந்து அதை அவரிடம் சொன்னாயாம், அது அவர் சொல்லிக் கொடுத்தது இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன்னிடம் அப்படிக் கேட்டது தப்பு. அந்த நைட்டிப் பேச்சுக்குப் பதிலாக நான் என் வீட்டை வைத்தேன்: முன்னறையில் அடுக்கியிருக்கிற பண்டல்களை எடுத்து, அதை உனக்கு ஒழித்து, ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டித் தருகிறேன். மிஷின்களை மதியம் நிறுத்தச் சொன்னார், அது முடியாது என்றேன். பிள்ளை தூங்குகிற நேரம் மட்டும் என்றார், சரி என்றேன். இரண்டு பேரும் அசைந்து அசைந்து மூன்று மாதத்துக்கு வந்தோம். அதற்குப் பிறகு அவர் அசையவில்லை. மூன்று மாதத்துக்கு எனக்கு என்ன தருவீர்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். திருநகர் ஆட்கள் பேரம் பேசமாட்டார்கள் என்று நான் தப்பாக நினைத்திருந்தேன்.

"பிள்ளைக்கு மொதத் துணி யாருது மதினி?" என்று கேட்டார்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டோம், துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன பழைய பருத்தியில்தான் சுற்றுவோம். பெண்ணைப் பெற்றவள் வீட்டுச் சேலையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருப்பேன். என் வீட்டில் அப்படி ஒரு சேலை இல்லை. வீட்டில் கட்டியிருந்தால்தானே பழையதாகியிருக்கும். அவர் உள்ளே போய் அந்த வெளிர்மஞ்சள் வாயில் சேலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் தொட்டுப் பார்த்தேன். என் கடையில் எந்த விலைக்கும் அந்த மென்மை கிடையாது. மனம் எரிய எரிய அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பேசி முடித்தது இதுதான், நீ சம்மதித்தால் நடக்கும், சம்மதிக்காவிட்டால் நாங்கள் மறுபடியும் உட்காருவோம். வளைகாப்பு வரை நீ திருநகரில். அதன் பிறகு பிரசவமும், பிள்ளைக்கு மூன்று மாதம் முடிகிற வரையும் என்னிடம். செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு உன் மாமியார் செல்லூருக்கு வருவார், அந்த இரண்டு நாளும் நான் சேலையில் இருப்பேன், மற்ற நாளில் என் இஷ்டம். அதற்கு என்னிடம் வாங்கிய விலை: பிள்ளையை முதலில் சுற்றுகிற துணி அவருடையது. கிழித்து, ஓரம் மடித்து, கையால் தைத்துத் தருவது நான்.